காவலர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சுடும் பயிற்சி போதுமா?

பாளை கதிர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சட்டக் கல்லூரியில் ஒரு விவாதத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நம் ஊர்க் காவலர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி போதுமான அளவு கிடைக்கிறதா என்பதுதான் பொருள். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் "பயிற்சியே இல்லை" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "வருடா வருடம் சுட்டுத் தேறித்தான் வருகிறார்கள்" என்கிறார்கள். இரண்டிலும் விவரம் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. ஆண்டுப் பயிற்சியில் ஒருவர் தேறிவிட்டார் என்றால் அது உண்மையில் எதைக் காட்டுகிறது? எத்தனை ரவுண்டு சுட்டால் போதும் என்று ஏதாவது கணக்கு உண்டா? தோட்டா பற்றாக்குறை மட்டும்தான் காரணமா? வாரத்துக்கு இரண்டு தடவையாவது "தப்பி ஓடியவரைக் காலில் சுட்டுப் பிடித்தனர்" என்று செய்தி வருகிறதே, அப்படிக் குறி வைத்துக் காலில் சுடுவதற்கு யாராவது பயிற்சி தருகிறார்களா?

ஆயுதங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். யாரையும் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை.

---

ஆர்மரி மேசை:

கதிர் தம்பி, எத்தனை ரவுண்டு என்ற இடத்தில் ஆரம்பித்தால் பதில் கோணலாகப் போய்விடும். முதலில் ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், என்ன நடக்கிறது என்று பாருங்கள். பகல் வெளிச்சம். தூரம் முன்கூட்டியே தெரியும். டார்கெட் அசையாது. "லோடு" என்றால் லோடு, "ஃபயர்" என்றால் ஃபயர், எல்லாமே கட்டளைக்குத்தான். ரைஃபிள் என்றால் பெரும்பாலும் படுத்த நிலை. இதில் தேறியவருக்குப் பார்வை, மூச்சு, ட்ரிகர் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன என்று சொல்லலாம். அதற்கு மேல் அந்தத் தாளில் ஒன்றும் தெரியாது. உறையிலிருந்து எடுப்பது, நடந்துகொண்டே சுடுவது, இருட்டு, பாதியில் சிக்கிய தோட்டாவைச் சரிசெய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக சுடாமல் நிறுத்துவது, இவை எதுவும் அந்த மதிப்பெண்ணில் சேராது.

துப்பாக்கி தவறி வெடித்த செய்திகளைத் தொகுத்துப் படித்தால் ஒரு விஷயம் புரியும். துடைக்கும்போது, பாரா மாறும்போது, வண்டியில் ஏறி இறங்கும்போது, ஆயுதக் கிடங்கான ஆர்மரியில் திருப்பி ஒப்படைக்கும்போது என்றுதான் திரும்பத் திரும்ப வரும். எதிராளியே இல்லாத நேரம் அது. இதற்குக் காரணம் குறி தவறியது இல்லை, கையாளும் வரிசை தவறியது.

வரிசை இதுதான். குழாய் மணல் டிரம்முக்கு நேராக. விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, உடலோடு ஒட்டி. முதலில் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகு காக் செய்து, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். போல்ட்டை விட்டு, மணலை நோக்கி ட்ரிகரை அழுத்தி, சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) போட வேண்டும்.

இதில் மேகசினைக் கழற்றுவதும் காக் செய்வதும் மட்டும் இடம் மாறினால் என்ன ஆகும்? மேகசின் உள்ளே இருக்கும்போதே காக் செய்தால் உள்ளிருந்த தோட்டா வெளியே துள்ளி விழும். பார்ப்பவர் "வெளியே வந்துவிட்டது, காலி" என்று நம்புவார். ஆனால் முன்னால் போன போல்ட் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளியிருக்கும். அப்புறம் மேகசினைக் கழற்றுகிறார், கையில் மேகசின் இருப்பதால் இன்னும் நிம்மதி. ட்ரிகரை அழுத்துகிறார். வெடிக்கிறது. எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே. ரைஃபிள்கள், கிளாக் பிஸ்டல் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான்.

அடுத்தது ஆயுதம் மாறும்போது வரும் ஆபத்து. இஷாப்பூரில் செய்யும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் பிரவுனிங் ஹை-பவர் வகை. 13 தோட்டா பிடிக்கும். அந்த வகையில் மேகசினைக் கழற்றிவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது, உள்ளேயே ஒரு தடுப்பு இருக்கிறது. வெளியில் கையால் போடும் சேஃப்டியும் உண்டு. கிளாக்கில் இரண்டும் கிடையாது. மேகசின் இல்லாவிட்டாலும் சேம்பரில் தோட்டா இருந்தால் வெடிக்கும். அதோடு, பிரித்துத் துடைப்பதற்கே கிளாக்கில் முதலில் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். பத்து வருடம் பிரவுனிங் பிடித்துப் பழகிய கைக்குக் கிளாக் கொடுத்து, ஒரு மணி நேர விளக்கத்தோடு அனுப்பினால் அந்தக் கை பழைய பழக்கத்தைத்தான் செய்யும். புது ஆயுதம் வாங்கும் செலவோடு, பழைய பழக்கத்தை மாற்றும் பயிற்சி நாளையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நீளத் துப்பாக்கியிலும் இதே கதைதான். எஸ்.எல்.ஆரில் சேஃப்டி இடதுபக்கம், பெருவிரலுக்கு எட்டும். ஏ.கே.யில் வலதுபக்கம் ஒரு நீளத் தகடு. மேலே இருந்தால் சேஃப், நடுவில் ஆட்டோ, அடியில் சிங்கிள். பதற்றத்தில் ஒரே அழுத்தாக அழுத்தினால் அடிவரை போய் சிங்கிளில் நிற்கும். பாதியில் நின்றால் ஆட்டோ. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, விரல் பார்க்காமலே செய்ய வேண்டும்.

ரேஞ்சே கற்றுக்கொடுக்கும் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. தோட்டா வெடிக்கவில்லை என்றால் குழாயை முன்னால் வைத்தபடி அப்படியே நிறுத்தி, கையைத் தூக்கி, பயிற்சியாளர் வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால் ரேஞ்சுக்கு அது சரியான விதி. ஆனால் அது ஒன்றையே பழகியவர் தெருவில் துப்பாக்கி சிக்கினாலும் அப்படியே உறைந்து நிற்பார். தெருவில் செய்ய வேண்டியது வேறு: மேகசினின் அடியில் கையால் ஒரு தட்டல், போல்ட்டை முழுதாக ஒரு இழுப்பு, மறுபடி குறி. டம்மி தோட்டாவை நடுநடுவே கலந்து கொடுத்து இதைத் தனியாகப் பழக்க வேண்டும். பத்து தோட்டாவில் இரண்டு டம்மி, எங்கே இருக்கிறது என்று சுடுபவருக்குத் தெரியக் கூடாது.

---

முன்சைட்:

ஆர்மரி மேசை சார் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குறி பார்ப்பதும் அவ்வளவு சுலபமாகக் கைவந்துவிடும் விஷயம் இல்லை. கதிர், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிளாக் 17 பிஸ்டலில், குறிபார்க்க மேலே இருக்கும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 165 மி.மீ. ட்ரிகரை அழுத்தும்போது முன்சைட் 1 மி.மீ. நகர்ந்தால் 7 மீட்டரில் குண்டு 4 செ.மீ.க்கு மேல் விலகும். 25 மீட்டரில் 15 செ.மீ. விலகும். ஒரு மில்லிமீட்டர் என்பது நகத்தின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான். எஸ்.எல்.ஆரில் சைட் இடைவெளி 55 செ.மீ. அளவுக்கு இருப்பதால் அதே 1 மி.மீ. பிழைக்கு 100 மீட்டரில்தான் 18 செ.மீ. விலகும். ரைஃபிளில் நன்றாகச் சுடுகிறவர் பிஸ்டலில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். எஸ்.ஐ. இடுப்பில் இருப்பது பிஸ்டல். ஆண்டுப் பயிற்சியில் அதிக நேரம் போவது ரைஃபிளுக்கு.

வலதுகைக்காரர் சுடும் டார்கெட்டில் ஓட்டைகள் இடதுபக்கம் கீழே கூடிக் கிடந்தால் பிஸ்டலில் பழுது தேட வேண்டாம். வெடிச் சத்தத்தை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே கீழே அமுக்குகிறது, விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறது. இன்னும் ஐம்பது ரவுண்டு கொடுத்தால் இது சரியாகாது. தப்பை ஐம்பது தடவை சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

இதைத் திருத்துவது வெறும் துப்பாக்கிப் பயிற்சிதான், அதாவது தோட்டா இல்லாமல். சுவரில் 5 மி.மீ. அளவு கறுப்புப் புள்ளி, மூன்று மீட்டர் தள்ளி நிற்பது. முன்சைட்டுக்குப் பக்கத்தில் ஸ்லைடின் (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) மேல் ஒரு ரூபாய் நாணயம். ட்ரிகரை அழுத்தி முடிந்த பிறகும் நாணயம் விழக் கூடாது. ஒரு தடவைக்கு இருபது அழுத்தல், அதற்கு மேல் கை களைத்துவிடும். பிறகு உறையிலிருந்து எடுப்பது, மெதுவாகப் பத்து தடவை: பிடி, மேலே இழு, குழாயை முன்னால் திருப்பு, இடதுகை சேரட்டும், நீட்டு. விரல் கடைசியில்தான் ட்ரிகருக்குப் போக வேண்டும். மொத்தம் பத்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. தோட்டா அதே அறையில் இருக்கவே கூடாது; காலியா என்று இருவர் பார்க்க வேண்டும். அப்புறம் .22 ரிம்ஃபயர் ஆயுதங்களில் டம்மி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதி இரண்டும் பழுதாகும்.

அந்த அடித்தளம் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 50 ரவுண்டு நிறைய வேலை செய்யும். என் கணக்கு: முதல் 10 நிதானமாக, 7 மீட்டரில், ஐந்தைந்தாக, எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் விழ வேண்டும். அடுத்த 10 உறையிலிருந்து எடுத்து இரண்டிரண்டாக. 10 ஒற்றைக் கையால், வலது ஐந்து இடது ஐந்து. 10 ரவுண்டில் டம்மி கலந்து சிக்கலெடுப்பதும் மேகசின் மாற்றுவதும். மீதி 10ஐ முகம் வரைந்த அட்டைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சிலவற்றில் கையில் கத்தி, சிலவற்றில் செல்போன். திரும்பிய அட்டையில் செல்போன் இருந்தால் சுடாமல் குழாயைத் தாழ்த்த வேண்டும். அதுவும் மதிப்பெண்தான்.

---

பாளை கதிர்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, இருவருக்கும் நன்றி. தோட்டா இல்லாமலே பாதி வேலை நடக்கும் என்றால், ஏன் நடப்பதில்லை?

---

ஆர்மரி மேசை:

ஆயுதம் ஆளிடம் இல்லை, அதுதான் காரணம். காலையில் ஆர்மரியில் கையெழுத்துப் போட்டு வாங்கி, டியூட்டி முடிந்ததும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாங்கிய துப்பாக்கியை வைத்துப் பத்து நிமிடம் பழகட்டும் என்று யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. தானாக எடுத்துப் பழகினால் "எதற்குக் கையில் எடுத்தாய்" என்ற கேள்விதான் வரும். பந்தோபஸ்து, நீதிமன்றக் காவல், விஐபி வருகை என்று ஆளே மிஞ்சாத நிலையத்தில் ரேஞ்சுக்கு அனுப்பும் நாள்தான் முதலில் தள்ளிப்போகும்.

தோட்டாப் பற்றாக்குறையும் பொய் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ராம் பிரதான் தலைமையிலான இருவர் குழு ஆராய்ந்தபோது, பயிற்சிக்கே தோட்டா போதாமல் இருந்த விஷயம் வெளியே வந்தது. ஏ.கே.47 ஏந்தி வந்தவர்களுக்கு எதிரே ரயில் நிலையத்தில் இருந்த காவலர்கள் கையில் .303 இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி அது. தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு மேலே ஏறாது. பழகாத கை அவசரத்தில் நிரப்பினால் இதுதான் நடக்கும். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அந்த .303 துப்பாக்கிக்கு விடை கொடுத்தது.

எம்டி கணக்கையும் சொல்ல வேண்டும். சுட்ட பிறகு காலி கூடு ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று புல்லில் காணாமல் போனால் விசாரணை, விளக்கக் கடிதம். ஐம்பது பேர் சுட்ட ரேஞ்சில், சுட்ட நேரத்தைவிடக் குனிந்து தேடிய நேரம் அதிகமாக இருக்கும். தோட்டா வெளியே கசியக் கூடாது என்பதற்கான விதி, அவசியமானதுதான். ஆனால் தரையில் தார்ப்பாய் விரித்து, வலப்பக்கம் ஒரு வலை கட்டினால் முக்கால்வாசி எம்டி தானே வந்து சேரும். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாததால் "ரேஞ்ச் என்றாலே தொல்லை" என்று அதிகாரிகள் ஒதுங்குகிறார்கள்.

---

புள்ளிவிவரப் பித்தன்:

பயிற்சி கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு வருமுன் நியூயார்க்கைப் பாருங்கள். அங்கே காவலர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை சுட்டுத் தேற வேண்டும். 2008இல் ராண்ட் நிறுவனம் அந்த நகரக் காவல்துறையின் பயிற்சியை ஆராய்ந்தது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர் சுட்ட குண்டுகளில் 18 சதவீதம்தான் பட்டது. எதிராளி சுடாதபோதும் 30 சதவீதம். ரேஞ்சில் இவர்கள் எல்லோரும் தேறியவர்கள். நூறில் எண்பத்திரண்டு குண்டு வேறெங்கோ போயிருக்கிறது.

2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் முன்னால் ஒரு கொலையாளியை நோக்கி இரண்டு காவலர்கள் 16 ரவுண்டு சுட்டார்கள். கொலையாளி இறந்தான். ஆனால் அந்த நடைபாதையில் இருந்த ஒன்பது பேர் குண்டாலும் சிதறல்களாலும் காயப்பட்டார்கள்.

அந்த நகரத்துப் பிஸ்டல்களில் ட்ரிகர் இறுக்கத்தை வேண்டுமென்றே 12 பவுண்டாக, அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோவாக வைத்திருந்தார்கள். பதற்றத்தில் தவறி அழுத்திவிடக் கூடாது என்ற எண்ணம். தோட்டா நிரப்பினாலும் ஒரு கிலோகூட இல்லாத பிஸ்டலை ஐந்தரைக் கிலோ விசையால் இழுத்தால் முன்சைட் நகராமல் என்ன செய்யும்? முன்சைட் நண்பர் சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர் இங்கேதான் வருகிறது. பயிற்சியில் சரிசெய்ய வேண்டியதை ஸ்பிரிங்கால் சரிசெய்யப் பார்த்ததன் விலை அது. ராண்ட் அறிக்கையும் லேசான ட்ரிகரைப் பரிசீலிக்கச் சொன்னது.

---

முன்சைட்:

முழுக்க உடன்படுகிறேன். ஒன்று சேர்க்கிறேன். தவறி அழுத்துவது விரல் வலுவால் வருவதில்லை. திடீரென்று சத்தம் கேட்டாலோ, கால் இடறினாலோ, இடதுகையால் ஒருவரைப் பிடித்து இழுத்தாலோ வலதுகை விரல்களும் தானாகச் சுருங்கும். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் அந்தச் சுருக்கத்தைத் தடுக்க முடியாது. விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே நீட்டி இருந்தால் சுருங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஒரு கையில் பிஸ்டலோடு இன்னொரு கையால் ஆளை மடக்கிப் பிடிக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த விரலுக்குத்தான் போகும். பிடிப்பதற்கு முன் பிஸ்டல் உறைக்குள் போக வேண்டும், அல்லது பிடிப்பவர் வேறு, காப்பவர் வேறாக இருக்க வேண்டும். இதற்குப் பயிற்சி, ஒரு தோட்டாவும் இல்லாமல், நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கியை வைத்தே நடத்தலாம்.

---

மேலூர் வக்கீல்:

கதிர், சட்டம் படிக்கிற உங்களுக்கு இது பயன்படும். காவலருக்குத் தனியாகச் சுடும் உரிமை என்று ஒன்றும் கிடையாது. தற்காப்பு உரிமை, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. எப்போது உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்பது 38. கைது செய்யும்போது பலம் பயன்படுத்துவது, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 43. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரின் மரணத்தை விளைவிக்க அந்தப் பிரிவு அனுமதிக்கவில்லை. கூட்டத்தைக் கலைப்பது 148.

இப்போது ரேஞ்சை நினைத்துப் பாருங்கள். அங்கே கேள்வி "எங்கே பட்டது" என்பது மட்டும். நீதிமன்றத்தில் முதல் கேள்வி "ஏன் சுட்டீர்கள்", இரண்டாவது "வேறு வழி இருந்ததா". ஐ.நா. 1990இல் ஹவானாவில் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் ஆயுதப் பயிற்சியோடு பேச்சுவார்த்தை, சமாதானப்படுத்தல், கூட்டத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றையும் பயிற்சியில் சேர்க்கச் சொல்கின்றன. நம்மிடம் இவை வகுப்பறைப் பாடமாகத் தனியே, துப்பாக்கி ரேஞ்சில் தனியே நடக்கின்றன. இரண்டையும் ஒரே பயிற்சியில் இணைக்கத் திரையில் காட்சி ஓடும் சிமுலேட்டர் வேண்டும். அது வெளிநாட்டுச் சரக்கும் இல்லை, ஐதராபாத்தில் உள்ள ஜென் டெக்னாலஜிஸ் செய்கிறது. வாங்கிப் பூட்டி வைக்காமல், ஒவ்வொரு காட்சி முடிந்ததும் "நீ கண்டது என்ன, எந்தப் பிரிவின்படி சுட்டாய், ஏன் நிறுத்தினாய்" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால்தான் பயன்.

2014இல் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிமுறைகளின்படி, மோதலில் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை, சி.ஐ.டி. அல்லது வேறு நிலையத்தின் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை மூன்றும் வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். அந்தக் காவலர் கடைசியாக எப்போது பயிற்சி எடுத்தார் என்ற பதிவேடும் அப்போது கேட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. பயிற்சி கொடுக்காமல் ஆயுதம் கொடுத்தவரின் பொறுப்பு எங்குமே விசாரிக்கப்படுவதில்லை.

---

பாளை கதிர்:

காலில் சுடும் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லையே.

---

ஆர்மரி மேசை:

வருகிறேன். பயிற்சி அட்டையில் மதிப்பெண் வட்டம் நெஞ்சுப் பகுதியில் இருக்கிறது. ஓடும் காலைக் குறிவைத்துச் சுடும் பாடம் வழக்கமான ஆண்டுப் பயிற்சியில் இல்லை. ஓடுகிறவரின் முழங்காலுக்குக் கீழ்ப் பகுதி ஒரு சாண் அகலம்கூட இல்லை, அதுவும் ஒரே நொடியில் முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருக்கிறது. உடலின் நடுப்பகுதியை நோக்கியே நூற்றுக்குப் பதினெட்டு என்றால், காலுக்கு என்ன கணக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தவறிய குண்டு தார் ரோட்டில் பட்டால் தட்டையான கோணத்தில் தெறித்து இடுப்புயரத்தில் போகும்.

பட்டாலும் கால் என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை என்று நினைப்பது தப்பு. தொடையில் ஓடும் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். அதனால் துப்பாக்கி எடுத்துப் போகும் ஒவ்வொரு குழுவிடமும் டூர்னிக்கே (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) இருக்க வேண்டும். காயத்துக்கு மேலே நாலு விரல் அகலம் தள்ளி, முட்டியின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தை அதிலேயே எழுதி வைக்க வேண்டும். வலிக்கிறது என்று கத்துவார், தளர்த்தக் கூடாது. இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும். சுடப் பழகிய ஒவ்வொருவரும் இதையும் பழக வேண்டும்.

---

மேலூர் வக்கீல்:

கூட்டத்தின் மீது சுடும்போது தாழ்வாகக் குறிபார்க்க வேண்டும், தலைக்கு மேல் சுடக் கூடாது என்று நிலையாணைகள் சொல்வது, தூரத்தில் இருக்கும் அப்பாவி மீது படக் கூடாது என்பதற்காக. அதைத் தனி ஆள் ஓடும்போது "காலில் சுடலாம்" என்ற அனுமதியாக வாசிப்பது பிழை. சுடுவதற்கான சூழல் சட்டப்படி இல்லையென்றால் காலிலும் சுட முடியாது.

2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை மறக்க முடியாது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுடப்பட்டதைப் பதிவு செய்தது. அங்கே குறை குறிபார்ப்பதில் இல்லை. யார் உத்தரவிடலாம், எந்த ஆயுதம், எப்போது நிறுத்த வேண்டும் என்ற பயிற்சியும் கட்டுப்பாடும் இல்லாமல் போனதில் இருக்கிறது. எஸ்.எல்.ஆர். குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும். ஒருவரைத் துளைத்துப் பின்னால் இருப்பவரையும் தாக்கும். கூட்டத்துக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்தியதே முதல் தவறு.

---

குடுமியான்மலை வாசி:

எல்லோரும் பயிற்சி கூட வேண்டும் என்கிறீர்கள். ரேஞ்ச் எங்கே என்பதையும் பேசுங்கள். 2021 டிசம்பர் 30 அன்று எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் காவல்துறையின் சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்தார்கள். தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் பையன் போய்விட்டான்.

9 மி.மீ. குண்டே ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டும். 7.62 மி.மீ. ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். பின்னால் பாறைக் குன்று இருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது, பாறையில் பட்டுத் தெறிக்கும். பின்புறத் தடுப்பு மண்மேடாக இருக்க வேண்டும். முன்பக்கம் சலித்த மண், கல் கலக்காமல். பழைய குண்டுகள் ஒரே இடத்தில் குவிந்தால் அவற்றிலேயே புதுக் குண்டு பட்டுத் தெறிக்கும், அதனால் அவ்வப்போது மண்ணைக் கிளறி ஈயத்தை எடுக்க வேண்டும். சிவப்புக் கொடி, நாலு பக்கமும் காவல், முந்தின நாளே ஊருக்குத் தண்டோரா. கொடி ஏற்றிவிட்டு ஆள் போடாமல் விட்டால் ஆடு மேய்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

1990களில் ஆளில்லாத காடாக இருந்த இடத்தில் இன்று வீடு வந்துவிட்டது. தளத்தை அமைத்த நாளில் போட்ட பாதுகாப்பு எல்லையை மறுபடி அளந்து பார்க்காமல் பயிற்சி நாளைக் கூட்டச் சொல்வதை எங்கள் ஊர்க்காரர் யாரும் ஏற்க மாட்டார்.

---

முன்சைட்:

நீங்கள் சொல்வது நியாயம், ஐயா. பிஸ்டலுக்குத் திறந்தவெளியே தேவையில்லை. 25 மீட்டர் நீளத்தில், மேலே சாய்வுத் தடுப்புகள் கட்டி, சுடும் இடத்திலிருந்து வானமே தெரியாதபடி மாவட்டத்துக்கு ஒன்று கட்டினால் போதும். முழுக்க மூடிய கட்டிடம் என்றால் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து டார்கெட் பக்கம் ஓட வேண்டும், இல்லையென்றால் ஈயத் தூசியைப் பயிற்சியாளர் நாள் முழுக்கச் சுவாசிப்பார். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ குடிக்கக் கூடாது.

---

பாளை கதிர்:

எங்கள் மாவட்டத்து நிலவரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்துவிடுவார்களா?

---

மேலூர் வக்கீல்:

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆயுத இருப்பு, தோட்டா இருப்பு, எந்த நிலையத்தில் எத்தனை துப்பாக்கி என்று கேட்டால் பிரிவு 8ஐக் காட்டி மறுப்பார்கள், அது ஓரளவு நியாயமும்கூட. தனிநபர் பெயரும் கேட்காதீர்கள். மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய்க் கட்டணத்தோடு, இப்படி எழுதுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஆண்டுச் சுடும் பயிற்சிக்குத் தகுதியுள்ளோர் எத்தனை பேர், கலந்துகொண்டோர் எத்தனை, தேறியோர் எத்தனை, தேறாதவர்களுக்கு மறுபயிற்சி நடந்த நாட்கள் எத்தனை. பதவி வாரியாகக் கேளுங்கள். இரண்டாம் நிலைக் காவலர் முதல் ஆய்வாளர் வரை தனித்தனியே. பிஸ்டல் பயிற்சி வேறு, ரைஃபிள் பயிற்சி வேறு என்று பிரித்துக் கேளுங்கள், சேர்த்துக் கொடுத்தால் ஒன்றும் விளங்காது. முதலுதவிப் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவின் நகலையும் அஞ்சல் ஒப்புகையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் இந்த இழையிலேயே எண்களைப் போடுங்கள், ஆர்மரி மேசை சார் வாசித்துச் சொல்லட்டும்.